ஆடையும் வீடுபேறும்: பெண்பிறப்பு குறித்த சமண வாதம்

பெண்ணுடலில் பிறந்த ஓர் உயிர் அந்த உடலிலிருந்தே நேராக வீடுபேறு அடைய முடியுமா, அல்லது இன்னொரு பிறவியில் ஆணாகப் பிறந்த பின்னரே அது கைகூடுமா என்னும் கேள்வியை முன்வைத்துச் சமண ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்களுக்குள் வாதிட்டு வந்துள்ளனர். 'ஸ்திரீமுக்தி', அதாவது பெண்ணின் வீடுபேறு, என்பது இவ்வாதத்துக்கு அவர்கள் இட்ட பெயர். பெண்ணைப் புகழ்ந்தும் பழித்தும் எழுதப்பட்ட நூல்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆனால் பெண்ணின் ஆன்மிகத் தகுதியை ஒரு மெய்யான தத்துவச் சிக்கலாகக் கொண்டு, கூற்று, ஏது, எடுத்துக்காட்டு, மறுப்பு என்று அளவையியலின் கருவிகள் அனைத்தையும் கையாண்டு அலசிய இலக்கியம் இந்திய மரபில் இதைப் போல் வேறொன்று இல்லை எனலாம். பதுமநாப எஸ். ஜைனி 1991 ஆம் ஆண்டில் இவ்வாதத்தின் மூல நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரு தொகுப்பாக வெளியிட்ட பிறகே சமணரல்லாத அறிஞர் பலரின் பார்வை இதன்மேல் விழுந்தது.

இவ்வாதத்தில் விந்தையான ஒரு செய்தி உண்டு. மகாவீரருக்குப் பின் சம்புசுவாமி என்னும் துறவியோடு இந்தப் பரத கண்டத்தில் வீடுபேற்றின் வாயில் அடைபட்டுவிட்டது என்பதும், இப்போது நடக்கும் ஐந்தாம் காலக்கூறில் ஆணாயினும் பெண்ணாயினும் இங்கிருந்து எவரும் முத்தி அடைய இயலாது என்பதும் வாதிட்ட இரு தரப்பினருக்கும் ஒப்ப முடிந்த கொள்கைகள். எவருக்குமே கிடைக்காத ஒன்றைப் பெண்ணுக்கு மட்டும் மறுப்பதற்கும், மறுத்ததை மறுப்பதற்கும் இத்தனை ஏடுகள் எழுதப்பட்டது ஏன் என்று கேட்டால், வாதம் உண்மையில் மறுமையைப் பற்றியது மட்டும் அன்று என்பது விளங்கும். முழுத் துறவு யாருக்கு உரியது, சங்கத்தில் யார் யாரை வணங்க வேண்டும், நூலோதவும் உரை செய்யவும் யாருக்கு உரிமை உண்டு என்னும் இம்மைக் கேள்விகளுக்கான விடைகள் அனைத்தும் அந்த ஒரு மறுமைக் கேள்வியின் விடையையே சார்ந்திருந்தன.

சமணத்தின் அடிப்படைக் கொள்கைப்படி உயிருக்குப் பால் இல்லை. உடலின் ஆண், பெண் உறுப்புகள் ஒருவகை வினையால் அமைகின்றன. வேட்கையோ மயக்கத்தைத் தரும் வேறொரு வினையால் எழுகிறது. இரண்டும் உயிரின்மேல் படிந்தவையே அன்றி உயிரின் இயல்பு அல்ல. இந்த அடித்தளத்தின்மேல் நின்றுகொண்டு ஓர் உடல் மட்டும் வீட்டுநெறிக்குத் தடை என்று சொல்ல வேண்டியிருந்ததால், ஆடையற்ற துறவியரைக் கொண்டவரும் பெண்ணுக்கு வீடுபேறு இல்லை என்றவருமான திகம்பரர் தம் தரப்புக்கு வலுவான காரணங்களைத் தேட வேண்டியவராயினர்.

வெண்ணாடை உடுத்தும் துறவியரைக் கொண்ட சுவேதாம்பரர் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்றனர். அவர்களுடைய கல்பசூத்திரம் மகாவீரரின் சங்கத்தில் 14,000 ஆண் துறவியரும், சந்தனை என்பவரின் தலைமையில் 36,000 பெண் துறவியரும் இருந்ததாகக் கணக்குத் தருகிறது. அவர்களுள் வீடுபேறு அடைந்தவர் ஆண்கள் 700 பேர், பெண்கள் 1,400 பேர் என்றும் அதே நூல் கூறுகிறது. இவ்வெண்களை வரலாற்றுப் புள்ளிவிவரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், முத்தியடைந்தோருள் பெண்கள் இருமடங்கு என்று எழுதிவைக்க ஒரு மரபு தயங்கவில்லை என்பது கருதத்தக்கது. இந்தக் காலச்சுழற்சியில் முதலில் வீடு பெற்றவர் இருடபதேவரின் தாய் மருதேவி என்பதும், பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய, அதாவது நெறியை அருளிய முதலாசான்களுள் ஒருவராகிய, மல்லி ஒரு பெண் என்பதும் அவர்கள் நம்பிக்கை. திகம்பரருக்கோ அவர் மல்லிநாதர் என்னும் ஆண்.

திகம்பர மரபில் இக்கேள்விக்கு முதலில் வெளிப்படையாக எதிர்விடை தந்தவர் குந்தகுந்தர். அவர் பிராகிருதத்தில் இயற்றிய சுத்தபாகுடம் என்னும் சிறுநூலில் மூன்று காரணங்கள் காணப்படுகின்றன. முதலாவது உடல் பற்றியது: பெண்ணின் கருவாயிலும், மார்பகங்களின் இடையிலும், கொப்பூழிலும், அக்குளிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன என்றும், ஆகவே கொல்லாமையை முற்றாகக் காக்கும் துறவு அவளுக்குப் பொருந்தாது என்றும் அவர் கூறினார். இரண்டாவது மனம் பற்றியது: மாதவிலக்கு உடையவளுக்கு அச்சமற்ற தியானம் கைகூடாது என்றார். மூன்றாவதே வாதத்தின் மையமாக நிலைத்தது: ஆடையின்றி இருத்தலே வீட்டுநெறி, ஆடை உடுத்தவர் தீர்த்தங்கரரே ஆயினும் முத்தி இல்லை, பெண் ஆடையைக் களைய இயலாது, எனவே அவள் துறவு முழுத் துறவு ஆகாது.

இந்த மூன்றாம் காரணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். பெண்ணால் ஆடையைக் களைய இயலாது என்பதில் உள்ள 'இயலாமை' எத்தகையது? உடலமைப்பில் அதற்குத் தடை ஏதும் இல்லை. ஊரார் பொறார், காண்போர் வரம்பு மீறுவர், சங்கமே அதனை அனுமதிக்காது என்பவையே தடைகள். அதாவது, பிறர் விதித்த ஒரு விலக்கு முதலில் வருகிறது. அவ்விலக்கிலிருந்து அவளுடைய இயலாமை வருவிக்கப்படுகிறது. பின்னர் அந்த இயலாமையே அவள் தகுதியற்றவள் என்பதற்குச் சான்றாகிறது. இந்திய அளவையியலில் இதற்கு 'அந்நியோந்நியாசிரயம்', அதாவது ஒன்றையொன்று பற்றி நிற்றல், என்று பெயர். அது குற்றமுடைய வாதங்களுள் ஒன்றாகவே எண்ணப்படும்.

இக்குற்றத்தைக் கண்டு மிகக் கூர்மையாக மறுத்தவர் சுவேதாம்பரர் அல்லர். இன்று ஒருவர்கூட எஞ்சாமல் மறைந்துபோன யாபனீயர் என்னும் மூன்றாம் பிரிவினர். கன்னட நாட்டில் செழித்திருந்த இவர்களுடைய துறவியர் திகம்பரரைப் போலவே ஆடையின்றித் திரிந்தவர். ஆயினும் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்னும் கொள்கையில் சுவேதாம்பரரோடு உடன்பட்டவர். ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்சனின் காலத்தில் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் சாகடாயனர் யாபனீயரே. தாம் இயற்றிய வடமொழி இலக்கண உரைக்கு அம்மன்னன் பெயரால் அமோகவிருத்தி என்று பெயரிட்ட இவர், 'ஸ்திரீநிர்வாணப் பிரகரணம்' என்னும் நூலையும் அதற்கு உரையையும் எழுதினார். ஆடையைத் துறந்த ஓர் ஆண், ஆடை உடுத்திய பெண்ணுக்காக வழக்காடியது இவ்வாதத்தின் சிறப்பு. தம் நெறிக்கு அதனால் ஆதாயம் ஏதும் இல்லாத நிலையிலும் அவர் அவ்வாறு செய்தார்.

ஏழாம் நரகம் பற்றிய அவருடைய மறுப்பு அளவையியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பெண் எவ்வளவு கொடுமை செய்தாலும் ஆறாம் நரகம் வரையே வீழ்வாள், கடைசியாகிய ஏழாம் நரகத்துக்கு அவள் செல்வதில்லை என்பது இரு பிரிவினரும் ஏற்ற நூற்கருத்து. இதிலிருந்து திகம்பரர், மிகக் கொடிய தீமைக்கு வேண்டிய மனவன்மை அவளுக்கு இல்லை என்றும், ஆகவே மிக உயர்ந்த நன்மைக்கு வேண்டிய மனவன்மையும் இல்லை என்றும் முடிவுகட்டினர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது புகழ்ச்சி போலவே தோன்றும். தீமை செய்ய அறியாதவள் என்னும் பாராட்டினாலேயே ஒருத்தியைத் தலைமைக்கு ஆகாதவள் ஆக்கும் உத்தி மிகப் பழையது. சாகடாயனர் இங்கே 'வியாப்தி' எங்கே என்று கேட்டார். அதாவது, ஒன்று இருக்குமிடமெல்லாம் மற்றொன்றும் தவறாமல் இருக்கும் என்னும் தொடர்பு நிறுவப்பட்டதா என்பது கேள்வி. மீன் ஏழாம் நரகத்துக்குச் செல்லும் என்று அதே நூல்கள் கூறுகின்றன. ஆனால் மீனுக்கு வீடுபேறு இல்லை. இதுவே கடைசிப் பிறவி என்னும் நிலையை எய்திய ஆடவர் ஏழாம் நரகத்துக்குச் செல்லப் போவதில்லை. ஆயினும் அவர்கள் வீடு அடைகின்றனர். ஊர்வன இரண்டாம் நரகம் வரையும், பறவைகள் மூன்றாவது வரையும், நாற்கால் விலங்குகள் நான்காவது வரையும், பாம்புகள் ஐந்தாவது வரையும் வீழும் என்று நூல் வேறுபடுத்தினாலும், மேல்நோக்கிச் செல்கையில் இவை அனைத்தும் ஒரே தேவருலகம் வரை ஏற வல்லவை என்றும் அந்நூல்களே சொல்கின்றன. கீழே விழும் ஆழத்தைக் கொண்டு மேலே ஏறும் உயரத்தை அளக்க முடியாது என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஆடையைப் பற்றிய மறுப்பு இதைவிட ஆழமானது. 'பரிக்கிரகம்', அதாவது துறவி விட்டொழிக்க வேண்டிய உடைமை, என்பது பொருளைக் கையில் வைத்திருப்பது அன்று. அதன்மேல் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்று இரு பிரிவினரும் போற்றும் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. திகம்பரத் துறவி சிற்றுயிர்களை விலக்க மயிற்பீலி ஏந்துகிறார். அது உடைமை ஆவதில்லை, அறத்துக்குத் துணையாகிறது. தியானத்தில் இருக்கும் துறவியின்மேல் பிறர் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் அவர் துறவு கெடுவதில்லை. அங்ஙனமாயின், கற்பைக் காக்கவும் ஒழுக்கத்தைப் பேணவும் உடுத்தியே ஆக வேண்டும் என்று நூலே பெண் துறவிக்கு விதித்த ஆடை மட்டும் எப்படி உடைமையாகும்? விதித்ததை நிறைவேற்றியவளை, விதித்தபடி நடந்தாள் என்பதற்காகவே தண்டிப்பது முறையோ? சாகடாயனரின் நடை வறண்டது என்றாலும் இவ்விடத்தில் அவருடைய வினா நேர்மையின் சினத்தோடு ஒலிக்கிறது.

நூறாண்டு நோற்ற பெண் துறவியும் அன்று துறவு பூண்ட இளம் ஆண் துறவியை எழுந்து வணங்க வேண்டும் என்பது சங்க விதி. பெண்ணை ஆண் துறவியர் வணங்காமையே அவள் தாழ்ந்தவள் என்பதற்குச் சான்று என்று திகம்பரர் கூறியபோது, தீர்த்தங்கரர் தம் முதல் மாணாக்கராகிய கணதரரை வணங்குவதில்லை, ஆசிரியர் மாணாக்கரை வணங்குவதில்லை, ஆயினும் கணதரரும் மாணாக்கரும் வீடு பெறவில்லையா என்று யாபனீயர் வினவினர். பெண்ணுக்குச் சில ஆகமங்களை ஓதும் உரிமை இல்லை, வாதத் திறனும் சித்திகளும் இல்லை என்ற வாதத்துக்கும் மரபே விடை வைத்திருந்தது. உளுந்து வேறு, உமி வேறு என்னும் ஒரு தொடருக்கு மேல் எதையும் நினைவில் வைக்க முடியாத சிவபூதி என்னும் துறவி, அதையே ஓதி ஓதி உடல் வேறு, உயிர் வேறு என்று உணர்ந்து முற்றறிவு எய்திய கதையைக் குந்தகுந்தரும் போற்றியிருக்கிறார். ஆணுக்குத் தடையாகாத கல்விக்குறை பெண்ணுக்கு மட்டும் தடையாகாது.

திகம்பரரின் தற்காப்புகளுள் நுட்பமானது 'வேதம்' பற்றியது. இங்கே வேதம் என்பது மறைநூலைக் குறிப்பதன்று. பாலுணர்வின் சாய்வைக் குறிக்கும் சமணக் கலைச்சொல். ஆணை விழைவது ஸ்திரீவேதம், பெண்ணை விழைவது பும்வேதம், இருவரையும் விழைவது நபும்சகவேதம் என மூன்றாக வகுத்து, இச்சாய்வு உடலின் பாலோடு ஒத்துத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றும் சமணர் கூறினர். இக்காலத்தில் பெரிதும் பேசப்படும் ஒரு வேறுபாட்டை அவர்கள் அன்றே பிரித்தறிந்தது வியப்புக்குரியது. அதை எதற்குப் பயன்படுத்தினர் என்பது அவ்வளவு வியப்புக்குரியது அன்று. திகம்பரரின் மிகப் பழைய நூலாகிய சட்கண்டாகமம், உயிர் ஏறிச்செல்லும் பதினான்கு குணஸ்தானங்களையும், அதாவது ஆன்மிகப் படிநிலைகளையும், மானுடப் பெண்ணுக்கும் கூறுவதுபோல் அமைந்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அதற்குத் தவளா என்னும் பேருரை எழுதிய வீரசேனர், அங்கே பெண் என்றது பெண்ணின் சாய்வு கொண்ட ஆணுடலையே என்று விளக்கினார். இந்நூலின் முதல் தொகுதி 1939 ஆம் ஆண்டில் அச்சேறிய பிறகு, தொண்ணூற்று மூன்றாம் சூத்திரத்தில் முழுத் துறவைக் குறிக்கும் ஒரே ஒரு சொல் இருக்க வேண்டுமா, கூடாதா என்பது பற்றித் திகம்பரப் பண்டிதரிடையே கடும் பூசல் மூண்டது என்பதிலிருந்து, இவ்வாதம் பழங்கதையாகிவிடவில்லை என அறியலாம்.

பதினோராம் நூற்றாண்டில் பிரபாசந்திரர் திகம்பரர் சார்பில் சாகடாயனருக்கு விரிவான மறுப்பு எழுதினார். 1125 ஆம் ஆண்டில் குசராத்தின் அணகிலவாடத்தில் மன்னன் சித்தராச செயசிம்மனின் அவையில் சுவேதாம்பரர் தேவசூரியும் திகம்பரர் குமுதசந்திரரும் இக்கேள்வியை முன்வைத்து வாதிட்டதாகவும், தேவசூரி வென்றதாகவும் சுவேதாம்பர நூல்கள் கூறுகின்றன. வெற்றி தோல்வியைவிட, எதிர்த்தரப்பினர் இருவரும் எதை வாதிடாமல் விட்டனர் என்பதே இங்குக் கருத வேண்டியது.

பெண்ணாகப் பிறப்பது தீவினைப் பயன் என்பதை எவரும் மறுக்கவில்லை. சுவேதாம்பரரின் மல்லி கதையே இதற்குச் சான்று: முற்பிறவியில் மகாபலன் என்னும் அரசனாகத் துறவு பூண்டிருந்த அவ்வுயிர், தன் நண்பரோடு ஒப்பச் செய்துகொண்ட உடன்படிக்கையை மீறி, அவர்கள் அறியாமல் கூடுதல் நோன்பு நோற்றது; தவத்தின் பயனாகத் தீர்த்தங்கரப் பதவியும், வஞ்சத்தின் பயனாகப் பெண்ணுடலும் வாய்த்தன. பெண்ணுக்கு மிக உயர்ந்த பதவியைத் தந்த அதே கதை, பெண்ணுடலைத் தண்டனையாகவும் வைத்தது. வணக்க விதியையும் எவரும் தொடவில்லை. சாகடாயனரின் வாதம், வணக்கத்தைத் தகுதியின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று நிறுவியதோடு நின்றது; தகுதி ஒத்ததாயின் வணக்கம் ஏன் ஒருவழியாகவே இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. மறுமையில் சமன்மை, இம்மையில் ஏற்றத்தாழ்வு என்னும் இந்த உடன்பாடு சமணத்துக்கு மட்டும் உரியதன்று. எட்டாத் தொலைவில் உள்ளதைச் சமமாகப் பங்கிட்டுவிட்டு, கைக்கெட்டும் தொலைவில் உள்ளதைப் பங்கிட மறுப்பது எளிது. அதனாலேயே அது பல சமயங்களில் நிலைபெற்றது.

இவ்வாதத்துக்குத் தமிழ்நாட்டோடு நேரான உறவு உண்டு. தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். குந்தகுந்தர் தவம் புரிந்த இடமாக வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையை அவர்கள் போற்றி, அங்குள்ள திருவடிகளை வழிபடுகின்றனர். அதே வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கனகவீரக்குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும், அவருடைய மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டதைப் பதிவு செய்கிறது. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பலருடைய பெயர்கள் கழுகுமலையின் பாறைச் சிற்பங்களுக்குக் கீழும் வெட்டப்பட்டுள்ளன. பெண்ணுக்கு முழுத் துறவு இல்லை என்று எழுதியவரைப் போற்றிய நாட்டில், பெண்கள் ஆசிரியராக இருந்து மாணாக்கரைப் பயிற்றினர் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? விதி ஏட்டிலும் வழக்கம் நாட்டிலுமாகப் பிரிந்து நடந்தன என்பதே பொருந்தும் விடை. ஆனால் காப்பியங்களில் ஏட்டின் விதியே வென்றது. சீவகசிந்தாமணியில் சீவகன் வீடுபேறு எய்துகிறான். அவனோடு துறவு பூண்ட மனைவியருக்குத் தேவருலகமே வாய்க்கிறது. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் அனைவரையும் வாதில் வெல்லும், நீலகேசி என்னும் காப்பியத்தின் தலைவியாகிய நீலகேசி, தான் நிலைநாட்டிய நெறியின்படி தானே வீடு பெற முடியாதவள். போதாக்குறைக்கு அவள் மானுடப் பெண்ணும் அல்லள், பெண்ணுரு எடுத்த தெய்வம்.

விலக்கிலிருந்து இயலாமையை வருவிக்கும் முறை துறவுமடங்களோடு நின்றுவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66 ஆவது பிரிவு, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பெண்களை ஆலைகளில் வேலை வாங்கலாம் என்று விதித்தது. இரவில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது காரணம். பாதுகாப்புத் தர வேண்டியவர்மேல் கடமையைச் சுமத்தாமல், பாதுகாப்பு வேண்டியவரின் வேலையைப் பறித்தது விளைவு. இரவுப் பணிக்கு வராதவர் என்பதால் கூடுதல் ஊதியத்துக்கும் மேற்பார்வைப் பதவிக்கும் பின்தள்ளப்பட்டது முடிவு. சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் அவ்விதியை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கி, போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து காப்பு ஆகிய கடமைகளை ஆலை நிருவாகத்தின்மேல் வைத்தது. ஆடையைக் குறையாகக் கருதாமல் துணையாகக் கருதிய சாகடாயனரின் நோக்கும் இதுவே: தேவையை நிறைவு செய்ய வேண்டுமே ஒழிய, தேவையைக் காட்டித் தகுதியை மறுக்கலாகாது. இராணுவத்தில் பெண் அலுவலருக்கு நிரந்தரப் பணி வழங்குவதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்த காரணங்களுள் ஒன்று, ஊர்ப்புறங்களிலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண்ணின் ஆணையை ஏற்க மனத்தளவில் இன்னும் பழக்கப்படவில்லை என்பது. பிறருடைய மனப்பாங்கை இவளுடைய குறையாக எழுதும் இவ்வாதத்தை நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஏற்றிருந்தால், குந்தகுந்தரின் மூன்றாம் காரணம் சீருடை அணிந்து சட்டமாகியிருக்கும்.

சமணச் சங்கங்களில் இன்றும் ஆண் துறவியரைவிடப் பெண் துறவியரே மிகுதி. திகம்பரரின் பெண் துறவியராகிய ஆரியிகையர் வெண்புடவை உடுத்தி, பிச்சையேற்று, நெடும் பயணம் நடந்து, தலைமயிரைக் கையால் பறித்து, துறவியருக்குரிய நோன்புகள் அனைத்தையும் நோற்றும், அவர்களுடைய பெருநோன்புகள் உபசாரமாக, அதாவது பெயரளவில், மட்டுமே பெருநோன்புகள் என்று கொள்கை கூறுகிறது. சுவேதாம்பரர் தரப்பில், இராசகிருகத்தில் வீராயதன் நிறுவனத்தை உருவாக்கிய சந்தனா என்னும் பெண் துறவிக்கு 1987 ஆம் ஆண்டில் துறவி அமர்முனி ஆசாரியப் பதவி அளித்தார். அது பெரும் திருப்பம் என்று பேசப்பட்டாலும் பெரும்பாலான கச்சங்கள், அதாவது துறவியர் குழுக்கள், அதைப் பின்பற்றவில்லை; மூதாட்டியர் உட்படப் பெண் துறவியர் அனைவரும் புதிதாகத் துறவு பூண்ட இளைஞனை வணங்கும் விதி அங்கே இன்னும் நடைமுறையில் உள்ளது. உடலைத் தடையாகக் கொள்ளும் திகம்பரருக்கு அவ்விதியைக் காக்க ஒரு கொள்கையேனும் உண்டு. பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்று ஆயிரம் ஆண்டு வாதிட்டு வென்ற சுவேதாம்பரருக்கு அதைக் காப்பதற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.